சுங்கை சிப்புட்டில் பழைய 3090 கார்டு: அணுக்கருக் கணக்குக்குத் தேறுமா?

என்வீடியா ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டு சந்தைக்கு வந்தது 2020 செப்டம்பரில். இரண்டே ஆண்டில், 2022 செப்டம்பரில், எதீரியம் என்ற மின்காசு, கார்டுகளை ஓட்டிக் காசு ஈட்டும் 'மைனிங்' முறையைக் கைகழுவியது. அதற்காக இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகளெல்லாம் பழைய பொருளாகக் கைமாறத் தொடங்கின. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்திலும், கைப்பேசி உறைகளுக்கும் சார்ஜர்களுக்கும் நடுவே கண்ணாடி அலமாரியில் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

கேம் ஆட இது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாங்கள் பார்ப்பது லேட்டிஸ் க்யூசிடி வேலைக்கு. நியூட்ரானும் புரோட்டானும் சேர்ந்து டியூட்டிரான் ஆகி ஒரு காமா கதிரை வெளிவிடுவது போன்ற அணுக்கரு வினைகளை, அவற்றுக்குள் இருக்கும் குவார்க் என்ற அடிப்படைத் துகளில் தொடங்கிக் கணக்குப் போட்டு எடுக்கும் வேலை அது. ரப்பர் தோட்டத்தில் நிரை பிடித்து மரம் நட்டதுபோல, இடத்தையும் காலத்தையும் புள்ளிகளால் ஆன ஒரு கட்டமாக வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளை இணைக்கும் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு 3×3 அணியைக் கட்டிவிடுவார்கள். இயற்பியலாளர் கென்னத் வில்சன் 1974-இல் போட்ட அடித்தளம். முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் பல்கலைக்கழகக் கணினியில் வரிசை பிடிக்காமல் வீட்டிலேயே இதை ஓட்ட முடியுமா என்றால், முடியும். எங்கே வரைக்கும் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

முதலில் ஒரு புரளி. '3090-இல் 64 பிட் கணக்கு வேகம் 32 பிட்டில் 64-இல் ஒரு பங்குதான், அறிவியல் வேலைக்கு ஆகாது' என்பார்கள். முதல் பாதி உண்மை. இந்த வேலையைப் பொறுத்தவரை இரண்டாம் பாதி பெரும்பாலும் பொய். கணக்கில் பெரும்பங்கு நேரம் போவது குவார்க் அணியை வெக்டரால் பெருக்குவதில். வில்சன் வகையில் ஒரு புள்ளிக்கு 1320 கணக்கீடு. அதற்காக மெமரியிலிருந்து இழுத்துப் போடுவது 8 இணைப்பு அணிகள், 8 அண்டைப் புள்ளிகளின் ஸ்பினர்கள் (குவார்க்கைக் குறிக்கும் வெக்டர்கள்), எழுத வேண்டிய ஒன்று: மொத்தம் 360 எண்கள், 32 பிட்டில் 1440 பைட். அதாவது பைட்டுக்கு ஒரு கணக்கீடுகூடத் தேறாது. கார்டின் மெமரி வேகம் வினாடிக்கு 936 ஜிபி. பெருக்கிப் பார்த்தால் கிடைப்பது சுமார் 0.86 டெராஃப்ளாப் (ஒரு டெராஃப்ளாப் என்பது வினாடிக்கு லட்சம் கோடி கணக்கீடு). பெட்டியில் போட்டிருக்கும் 35.6 டெராஃப்ளாப் வெறும் விளம்பரப் பலகை. அதில் 3 விழுக்காட்டைக்கூட நீங்கள் தொடப்போவதில்லை. 64 பிட்டில் பைட் இரட்டிப்பாகும், வேகம் 0.43-க்கு இறங்கும். கார்டின் 64 பிட் உச்சம் 0.556. கூட்டலும் பெருக்கலும் எப்போதும் ஜோடி சேராததால் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்.

போதாததற்கு, குவார்க் கணக்கை முழுக்க 64 பிட்டில் யாரும் ஓட்டுவதில்லை. இதற்கென்றே உள்ள குடா நூலகம் (QUDA; என்வீடியாவின் CUDA அல்ல) 16 பிட் நிலைப்புள்ளி எண்களில் பெரும்பகுதியை ஓட்டிவிட்டு, அவ்வப்போது மட்டும் 64 பிட்டில் மிச்சப்பிழையைத் திருத்திக்கொள்கிறது. 32×32×32×64 கட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4 ஜிபி நகரும். கார்டின் மெமரி வேகத்தில் 80 விழுக்காடு கிடைத்தால் சுற்றுக்கு 5 மில்லிவினாடி. விலைக்கு இது நல்ல சரக்கு.

64 பிட் குறை உண்மையிலேயே கடிக்கிற ஓர் இடம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். குவார்க் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதைச் சொல்லும் ப்ரொபகேட்டர்களை எடுத்துப் புரோட்டான், நியூட்ரான் என்று கோக்கும் கட்டம் மெமரி வேலை அல்ல, சுத்தமான கணக்கு. மேல் குவார்க் எண்ணிக்கையின் ஃபாக்டோரியலைக் கீழ் குவார்க் எண்ணிக்கையின் ஃபாக்டோரியலால் பெருக்கினால் எத்தனை விதமாகக் கோக்கலாம் என்று வரும். புரோட்டானுக்கு 2, டியூட்டிரானுக்கு 36, ஹீலியம்-3-க்கு 2880, ஹீலியம்-4-க்கு 5,18,400. டியூட்டிரான் வரைக்கும் சிபியூவிலேயே 64 பிட்டில் முடித்துவிடுங்கள். எட்டு கோர் இருந்தால் போதும். ஹீலியம் பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் கார்டு வேண்டாம்.

அடுத்தது 24 ஜிபி. எல்லா வாங்குதல் முடிவும் கடைசியில் இந்த எண்ணில்தான் வந்து நிற்கும். 32×32×32×64 கட்டத்தில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். 64 பிட்டில் கேஜ் புலம் (எல்லா இணைப்பு அணிகளும் சேர்ந்தது) 1.2 ஜிபி, க்ளோவர் உறுப்பு (கட்ட இடைவெளியால் வரும் பிழையைக் குறைக்கும் திருத்தம்) இன்னொரு 1.2 ஜிபி, அதன் தலைகீழும் வேண்டும் என்றால் மேலும் அவ்வளவு. ஒரு முழு ப்ரொபகேட்டர் 4.8 ஜிபி. மல்டிகிரிட் (பெரிய இடைவெளிக் கட்டங்களின் துணையோடு வேகமாகத் தீர்க்கும் முறை) ஓட்டினால் 24 வெக்டர்களை 32 பிட்டில் வைத்துக்கொள்ள அதற்கும் 4.8 ஜிபி. எல்லாம் அடங்கும், மூச்சுவிடவும் இடம் இருக்கும். 48×48×48×96-க்கு ஏறினால் கேஜ் புலமே 6 ஜிபியைத் தாண்டிவிடும், ஒரு ப்ரொபகேட்டர் 24 ஜிபிக்கு மேல். அங்கே கதை முடிந்தது. குரோமா என்ற லேட்டிஸ் க்யூசிடி நிரலைச் சாதாரண முறையில் கட்டினால் ப்ரொபகேட்டர்கள் கணினியின் சொந்த மெமரியில்தான் உட்காரும். 64 ஜிபி ராம் போடாமல் டியூட்டிரான் பக்கம் போகாதீர்கள்.

இனிக் கடைக்குப் போவோம். கார்டைப் போட்டுக் காட்டுவார்கள், திரையில் ஒரு கேம் ஓடும், 'ஸ்மூத்தா ஓடுது லா, பாஸ், இன்னும் என்ன டெஸ்ட்டு?' என்பார்கள். கேம் ஓடுவது எதையும் நிரூபிக்காது. இந்தக் கார்டில் 24 மெமரி சில்லுகள். அதில் 12 பின்பக்கம், காற்றாடியே எட்டாத இடத்தில் இருக்கின்றன. கேம் மெமரியை அவ்வப்போது தட்டும். லேட்டிஸ் கணக்கு நொடி விடாமல் கறக்கும். மைனிங்கும் அப்படித்தான் கறந்தது. ஆகவே கடையின் விண்டோஸ் கணினியிலேயே மெமரி சில்லின் உள்வெப்பம் (memory junction temperature) காட்டும் ஒரு கருவியைத் திறந்து, மெமரியை அரை மணி நேரம் இடித்துப் பாருங்கள். 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தானாக வேகத்தைக் குறைக்கும். கடையில் ஏர்கான் போட்டிருக்கும்போதே 104, 106 காட்டினால், தகரக்கூரை வீட்டில் மத்தியானம் அது நிச்சயம் முட்டி நிற்கும். லினக்ஸுக்கு மாறிய பிறகு என்வீடியாவின் வழக்கமான கண்காணிப்புக் கட்டளை இந்தக் கார்டில் சிப் வெப்பத்தை மட்டும் காட்டும், மெமரி வெப்பத்தைக் காட்டாது. அதனால்தான் கடையிலேயே பார்த்துவிடச் சொல்கிறோம்.

பின்தகட்டைக் கழற்றினால் கார்டின் பூர்வீகம் தெரிந்துவிடும். சில்லுகளுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒட்டியிருக்கும் வெப்பப் பட்டைகள் மெத்தென்று, சில்லின் சதுரத் தடம் பதிந்து வந்தால் நல்லது. உடைந்து மாவாக உதிர்ந்தாலோ, சுற்றிலும் எண்ணெய் கசிந்து பலகை பளபளத்தாலோ பட்டையை மாற்ற வேண்டும். மாற்றும்போது தடிமன்தான் கண்டம். தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு வேறு. முன்பக்கப் பட்டை அரை மில்லிமீட்டர் கூடினால் குளிர்விப்பான் தூக்கிக்கொண்டு நடுச் சிப்பின் மேல் சரியாக உட்காராது, குறைந்தால் சில்லைத் தொடவே தொடாது. பழைய பட்டையை அளந்து பார்த்து வாங்குங்கள், 'எல்லாம் ஒரே சைஸ்தான்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். செம்பனை ஆலைப் பக்கம் வீடு என்றால், அங்கே படியும் தூசி ஊதினால் பறக்காது, பிசுபிசுவென்று ஒட்டும். மாதம் ஒருமுறை தூரிகை போட வேண்டியிருக்கும்.

வெப்பத்துக்கு இன்னொரு மருந்து காசில்லாதது. கார்டின் மின் உச்சவரம்பை 350 வாட்டிலிருந்து 280-க்கு இறக்கிவிடுங்கள். கேம்காரர்களுக்கு இது தண்டனை. நம் வேலை மெமரி வேகத்தில் தொங்குவதால் இழப்பு சொற்பம், வெப்பம் கணிசமாகக் குறையும். முழு 350 வாட்டில் கார்டு மட்டுமே மாதம் 252 யூனிட் குடிக்கும், 280-இல் சுமார் 200.

பவர் சப்ளையில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. 3090 கண நேரத்துக்கு 350 வாட்டைத் தாண்டித் துள்ளும். 650 வாட் பெட்டி அதை மிகைமின்சுமை என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடக்கூடும். பலர் கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பக் கொண்டுபோவது இதனால்தான். 850 வாட், கார்டின் ஒவ்வொரு மின்செருகிக்கும் தனித்தனிக் கம்பி. ஒரே கம்பியில் இரட்டை வால் விட்டதைச் செருகாதீர்கள்.

அப்புறம் இடி மின்னல். பேராக் பக்கம் ஏப்ரல், மே மாதத்திலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை எப்படிக் கொட்டும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. யூபிஎஸ் எதற்கென்றால், கணக்கைத் தொடர அல்ல, ஒழுங்காக நிறுத்த. பத்து நிமிடம் தாங்கினால் போதும். ஒரு ப்ரொபகேட்டர் என்பது 4 ஸ்பின், 3 நிறம் ஆக 12 தனிக் கணக்கு. ஒவ்வொரு மூலப்புள்ளி (ப்ரொபகேட்டர் தொடங்கும் இடம்) முடிந்ததும் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். அப்போது மெயின் சுவிட்ச் விழுந்தாலும் போவது சில நிமிடம்தான். ஒரே ஓட்டத்தில் முப்பது மூலப்புள்ளியைக் கட்டி, கடைசியில்தான் எழுதுவேன் என்று வைத்தால் மழைக்காலம் முழுக்கப் புலம்ப வேண்டியதுதான்.

நிரல் பக்கம் குரோமாவும் குடாவும் சேர்ந்த கூட்டணியைத்தான் பரிந்துரைப்போம். இரண்டும் இலவசம். குடாவைக் கட்டும்போது கட்டமைப்பு எண் 86 என்று கொடுங்கள், க்ளோவரையும் மல்டிகிரிட்டையும் திறந்து விடுங்கள், வேண்டாத குவார்க் வகைகளை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் தொகுப்பு மணிக்கணக்கில் ஓடும். முதல் ஓட்டம் ஆமை வேகத்தில் போகும், பதற வேண்டாம். ஒவ்வொரு கட்ட அளவுக்கும் எந்த அமைப்பு வேகம் என்று குடா தானே சோதித்து ஒரு கோப்பில் எழுதிக்கொள்கிறது. அந்தக் கோப்புக்கு இடம் காட்டாமல் விட்டால் எல்லா ஓட்டமும் முதல் ஓட்டம்தான்.

கேஜ் கான்ஃபிக் (கேஜ் புலத்தின் ஒரு மாதிரி) படித்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், சராசரி பிளாக்கெட் (ஒரு சிறு சதுரத்தைச் சுற்றிய நான்கு இணைப்பு அணிகளின் பெருக்கல்) மதிப்பைக் கோப்பின் தலைப்பில் இருப்பதோடு ஒப்பிடுவது. தசமத்தில் ஆறாவது இடம் வரை ஒத்துப்போகவில்லை என்றால் பைட் வரிசையோ, கோப்பு வடிவமோ தவறு. இந்தக் கார்டில், பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி மெமரியும் கிடையாது. மாதம் ஒரு நாள், ஏற்கெனவே முடித்த ஒரு மூலப்புள்ளியைத் திரும்ப ஓட்டி, எண்ணுக்கு எண் பொருத்திப் பாருங்கள். விடையின் மிச்சப்பிழையைச் சிபியூவில் தனியாகக் கணக்கிட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கம்.

மிச்சப்பிழை என்றதும் ஒன்று. கனமான குவார்க்கில் அந்த எண் சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கும். பையான் (குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்) நிறை 806 எம்இவி, கட்ட இடைவெளி 0.145 ஃபெர்மி என்று எடுத்துக்கொள்ளுங்கள் (எம்இவி துகள் நிறைக்கும் ஆற்றலுக்கும் அலகு, ஃபெர்மி அணுக்கரு அளவிலான நீள அலகு). என்பிஎல்க்யூசிடி என்ற ஆய்வுக் குழு சிறு அணுக்கருக்களை 2013-இல் கணக்கிட்டது இந்த அமைப்பில்தான். ப்ரொபகேட்டர் காலத்தில் நகர நகரத் தேய்ந்து, 24-ஆவது படியில் மூலத்தில் இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மொத்த மிச்சப்பிழையோ மூலத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய எண்களால் ஆனது. பத்து லட்சத்தில் ஒன்று என்று நிறுத்தினால், தூரத்துக் காலப்படிகளில் ஆயிரத்தில் ஒன்று அளவுக்குப் பிழை தங்கிவிடும். டியூட்டிரானின் பிணைப்பு 2.2 எம்இவி, நிறை 1876 எம்இவி; நாம் தேடுவதே ஆயிரத்தில் ஒன்று அளவிலான வித்தியாசம். ஆகவே குறைந்தது பத்துக் கோடியில் ஒன்று வரை இறக்குங்கள், பிறகு ஒரே ஒரு கான்ஃபிக்கில் இன்னும் நூறு மடங்கு இறக்கி, கடைசிக் காலப்படிகள் அசைகின்றனவா என்று பாருங்கள்.

ஏன் 806 எம்இவி, நிஜ உலகத்தின் 140 ஏன் இல்லை? இரைச்சல். நியூக்கிளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) நிறையிலிருந்து ஒன்றரைப் பையான் நிறையைக் கழித்தால் வருவதுதான் சமிக்ஞை இரைச்சலில் மூழ்கும் வேகம் என்பது பாரிசி, லெபாஜ் என்ற இயற்பியலாளர்கள் காலத்துக் கணக்கு. நிஜ நிறையில் ஒரு ஃபெர்மி காலத்துக்கு ஒரு நியூக்கிளியானின் சமிக்ஞை 40-இல் ஒன்றாகும், இரண்டு சேர்ந்தால் 1600-இல் ஒன்று. கனமான உலகில் இரண்டுக்கும் சேர்த்து 74-இல் ஒன்று. இழந்ததை மாதிரி எண்ணிக்கையைக் கூட்டித்தான் மீட்க வேண்டும், அதுவும் வர்க்கமாக. ஒரு கார்டால் நிஜ நிறையில் டியூட்டிரான் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கதிர்வீச்சுப் பிடிப்பு வினைக்கு வருவோம். நியூட்ரான், புரோட்டான் சேர்ந்து டியூட்டிரான் ஆவதை என்பிஎல்க்யூசிடி 2015-இல் கணக்கிட்டது. 450, 806 எம்இவி என்ற இரண்டு பையான் நிறையில் ஓட்டி, நிஜ நிறைக்கு நீட்டிப் பார்த்தார்கள். வினாடிக்கு 2200 மீட்டர் வேக நியூட்ரானுக்குச் சோதனைச்சாலையில் அளந்த குறுக்குவெட்டு (வினை நடக்கும் வாய்ப்பின் அளவு) 334.2 மில்லிபார்ன், கணக்கு அதோடு பிழை எல்லைக்குள் ஒத்துப்போனது. வழி எளிது: கான்ஃபிக்குகளின் மேல் ஒரு சீரான காந்தப்புலத்தின் கட்டக்காரணிகளை (phase) பெருக்கிவிட்டு, இரண்டு நியூக்கிளியான் நிலைகள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்ப்பது. கட்டம் சுற்றி வந்து மூடுவதால் புலத்தின் அளவு நம் இஷ்டம் அல்ல, 6π-ஐக் கட்ட நீளத்தின் வர்க்கத்தால் வகுத்ததன் முழுமடங்காகத்தான் இருக்க முடியும். மேல் குவார்க்கின் மின்னூட்டம் கீழ் குவார்க்கினுடையதைப் போல் கழித்தல் இரண்டு மடங்கு. ஆகவே மடங்கு 1-இல் மேல் குவார்க்குக்கு வேண்டியது, மடங்கு −2-இல் கீழ் குவார்க்குக்குக் கிடைத்ததேதான். 1, −2, 4 என்று தேர்ந்தெடுத்தால் கணக்கில் ஒரு பெரும்பகுதி மிச்சம்.

இங்கேதான் 3090 வைத்திருப்பவர்கள் விழுகிற குழி. வேகத்துக்காகக் குடாவில் இணைப்பு அணியின் 18 எண்களுக்குப் பதில் 12 எண்களை மட்டும் ஏற்றி, மூன்றாவது வரியை மற்ற இரண்டு வரிகளிலிருந்து பிறப்பித்துக்கொள்ளும் வசதி உண்டு. மெமரி வேகமே உயிர் என்பதால் எல்லாரும் அதைத் திறந்துவைத்திருப்பார்கள். அந்தத் தந்திரம் அணியின் டிட்டர்மினன்ட் (அணிக்கோவை) 1 என்பதை நம்பி நிற்கிறது. காந்தக் கட்டக்காரணியைப் பெருக்கிய கணமே அது 1 இல்லை. மூன்றாவது வரி தவறான கட்டக்காரணியோடு பிறக்கும். 16 பிட் பக்கம் மட்டும் 12 என்று வைத்திருந்தால், ஒவ்வொரு திருத்தத்திலும் மிச்சப்பிழை துள்ளித் துள்ளி மேலே ஏறும், சந்தேகம் வரும், தப்பித்தீர்கள். இரண்டு பக்கமும் 12 என்றால் சால்வர் அழகாக ஒருங்கும், அறிக்கை சுத்தமாக இருக்கும், விடை வேறொரு அணிக்கு உரியது. 18-க்கு மாற்றுங்கள்; 15 விழுக்காடு பைட் கூடும், போகட்டும். கூடவே கட்டத்தின் ஓர இணைப்புகளுக்கு உரிய கூடுதல் கட்டக்காரணியையும் போட்டீர்களா என்று, மூலைச் சதுரம் உட்பட எல்லாச் சதுரத்திலும் புலம் ஒன்றாக இருக்கிறதா என்று அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள்.

விடையை நம்புவதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 806 எம்இவியில் டியூட்டிரான் 19.5 எம்இவி ஆழத்தில் பிணைந்திருப்பதாக 2013 கணக்கு சொன்னது. ஹால் க்யூசிடி என்ற இன்னொரு குழுவின், நியூக்கிளியான்களுக்கு நடுவிலான விசையை முதலில் எடுக்கும் விசைச்சார்பு முறையோ அப்படிப் பிணைப்பே இல்லை என்றது. பின்னால், பல உருக்களை ஒருங்கே வைத்துப் பார்க்கும் மாறுபாட்டு முறையில் செய்த கணக்குகளும் அந்த ஆழமான நிலையை உறுதி செய்யவில்லை. மூலத்தில் ஒரு உருவும் முனையில் வேறு உருவுமாக வைத்தால் போலித் தட்டு ஒன்று (விடை நிலைத்துவிட்டது போன்ற தோற்றம்) தோன்றும் என்பதே சண்டையின் மையம். அதைத் தவிர்க்க, மூலத்துக்கும் முனைக்கும் ஒரே வெக்டர் தொகுதியைப் பயன்படுத்தும் டிஸ்டில்லேஷன் முறைக்குப் போகலாம். ஆனால் 32 வெக்டர், 4 ஸ்பின், 64 காலப்படி என்றால் ஒரு கான்ஃபிக்குக்கு 12 அல்ல, 8192 கணக்கு. ஒன்றுக்கு 3 வினாடி என்றாலும் 6 மணி 50 நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று கான்ஃபிக். முதுகலை ஆய்வுக்கு இது போதும், பொறுமை இருந்தால்.

கான்ஃபிக்குகளை நீங்களே உருவாக்க வேண்டாம், பொதுவில் கிடைப்பதை எடுங்கள். 32×32×32×64 அளவில் 32 பிட் கோப்பு ஒன்று 0.6 ஜிபி, ஆயிரம் என்றால் 604 ஜிபி. 100 மெகாபிட் இணைப்பு இடைவிடாமல் முழு வேகம் கொடுத்தாலும் 13 மணி நேரத்துக்கு மேல். பல்கலைக்கழகத்துக்குப் போகிறவரிடம் ஒரு டெராபைட் வட்டைக் கொடுத்தனுப்புவதே மேல்.

இரண்டாவது கார்டு வாங்குவதானால், இரண்டையும் பாலம் போட்டு இணைக்காதீர்கள். பாலம் கிடைப்பதும் அரிது, இரண்டுக்கும் நடுவே காற்றுப் போக இடமும் இருக்காது. ஆளுக்கொரு கான்ஃபிக் என்று பிரித்துக் கொடுங்கள், ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அந்த அறையில் அப்புறம் மனிதர் யாரும் தூங்க முடியாது.